ரஜூலா போன வழியில்: சிங்கப்பூர்ப் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: ஈஸ்ட் கோஸ்ட்

விமானம் சாங்கியில் இறங்குவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கீழே பார்த்தேன். கடலெல்லாம் கப்பல். எல்லாம் நங்கூரம் போட்டு, நீரோட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் புதிதில்லை. இத்தனை கப்பலை ஒரே பார்வையில் பார்த்தது இன்றுதான்.

பெரியம்மா மகள் ஈசூனில் இருக்கிறாள். அவள் வீட்டில்தான் தங்கல். சாயங்காலம் அத்தான் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குக் கூட்டிப் போனார். அவர் பங்கர் பார்ஜில் வேலை செய்கிறார். நங்கூரமிட்டு நிற்கும் பெரிய கப்பல்களுக்குப் பக்கத்தில் போய் எண்ணெய் நிரப்பிக் கொடுக்கும் சிறிய டேங்கர் அது.

"மாப்ள, இது கடல்ல இருக்குற பெட்ரோல் பங்க். அவ்வளவுதான்" என்றார். கப்பல்களுக்கு எண்ணெய் விற்பதில் உலகத்திலேயே முதலிடம் இந்தத் துறைமுகத்துக்கு. ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல். மணலில் உட்கார்ந்து ஒவ்வொரு கப்பலாகக் காட்டினார். இது எண்ணெய்க் கப்பல், அது கொள்கலன் கப்பல், அந்தப் பக்கம் தாழ்வாகத் தெரிவது சரக்கு நிறைந்தது, உயரமாகத் தெரிவது காலி.

இந்த நெருக்கடிக்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. மலாக்கா நீரிணை 800 கிலோமீட்டருக்கு மேல் நீளம். வடக்கே அகலமாகத் தொடங்கி, கீழே வர வரக் குறுகிக்கொண்டே வந்து, சிங்கப்பூருக்குப் பக்கத்தில் பிலிப்ஸ் கால்வாய் என்ற இடத்தில் 2.8 கிலோமீட்டர்தான் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலிலிருந்து சீனக் கடலுக்குக் குறுக்கு வழி வேண்டுமென்றால் இந்தக் கழுத்து வழியாகத்தான் போக வேண்டும். கழுத்து என்றால் பிடிக்க ஆசைப்படுகிறவர்களும் இருப்பார்கள்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இது பழைய கதை. "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி சொல்வது இந்தத் தண்ணீரைத்தான். 1025 வாக்கில் போன அந்தப் படை கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தின் மற்றத் துறைமுகங்களையும் அடித்தது. ஏன் போனான் என்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். சீன வாணிபம் போகும் வழியை ஸ்ரீவிஜயம் கையில் வைத்திருந்தது என்பது அவற்றில் முக்கியமானது. சண்டைக்கு இருபது வருடம் முன்னால் அதே ஸ்ரீவிஜயத்தின் அரசகுலம் நாகப்பட்டினத்தில் புத்த விகாரை கட்டியிருந்தது, அதற்குச் சோழன் ஊர் கொடுத்திருந்தான் என்பதை நினைத்தால் இன்றும் மனசு என்னவோ செய்கிறது.

சரி, நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பெரியப்பா 1937 இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயா போனார். வயது 19. ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் வேலை, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுப்பது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மணியார்டர் வரும். 1941 ஐப்பசியில் கடைசிக் கடிதம். வரும் சித்திரைக்கு ஊருக்கு வருவதாக எழுதியிருந்தார். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. ஊருக்கு வரக் கப்பல் ஏறினார், ஜப்பான்காரன் குண்டு போட்டு அந்தக் கப்பல் முழுகிவிட்டது என்று யாரோ சொல்ல, வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது. கடலோடு போனவர் என்றுதான் சொல்வோம். ஆடி அமாவாசைக்கு அப்பா நாகை கடற்கரையில் நின்று அவருக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார்.

எந்தக் கப்பல் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. அதைத் தேடித்தான் வந்தேன்.

இரண்டாம் நாள்: செம்பவாங்

காலையில் பிராட்டாவும் தே தாரிக்கும் முடித்துவிட்டுச் செம்பவாங் பூங்காவுக்குப் போனேன். தீவின் வடக்குக் கரை. எதிரே ஜொகூர், அவ்வளவு கிட்டத்தில். பழைய படகுத்துறையில் நாலைந்து பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நண்டு வலையை இழுத்துப் பார்த்து மறுபடி தண்ணீரில் விட்டார். இடது பக்கம் கப்பல் பட்டறையின் பாரந்தூக்கிகள் தெரிந்தன.

அந்த இடம்தான் பழைய பிரிட்டிஷ் கடற்படைத் தளம். தெருப் பெயர்களைப் பாருங்கள்: கான்பரா, வெலிங்டன், ஒட்டாவா, டர்பன். பேரரசின் வரைபடம் முழுவதும் ஒரு பேட்டைக்குள். 1923 இல் தளம் கட்ட முடிவு செய்தார்கள். 1928 இல் ஒரு மிதக்கும் கப்பல்துறையை பிரிட்டனிலிருந்து கடல் வழியே இழுத்துக்கொண்டு வந்து இங்கே நிறுத்தினார்கள். 1938 பிப்ரவரி 14 இல் ஆறாம் ஜார்ஜ் பெயரில், கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை இறைத்துவிட்டுப் பழுது பார்க்கும் உலர்துறை திறந்தார்கள். ஆயிரம் அடி நீளம். குவீன் மேரி போன்ற பெரிய பயணிகள் கப்பலே 1940 இல் இதற்குள் வந்து பழுது பார்த்துக்கொண்டு போனது.

தளம் இருந்தது, கப்பற்படை இல்லை. திட்டமே அப்படித்தான். கப்பல்கள் ஐரோப்பியக் கடலில் இருக்கும், ஜப்பானோடு சண்டை வந்தால் கிளம்பி இங்கே வரும், அதுவரை தீவு தாக்குப்பிடிக்க வேண்டும். எத்தனை நாள்? 42 நாள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 1939 இல் அது 70 ஆனது. ஐரோப்பாவில் போர் தொடங்கியதும் 180 என்றார்கள். ஆறு மாதம்! வீட்டில் அரிசி இல்லை, ஆறு மாதத்தில் வண்டி வரும் என்று சொன்னால் எந்த அம்மா ஒப்புக்கொள்வாள்?

கடைசியில் வந்தவை இரண்டு பெரிய கப்பல்கள். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ். 1941 டிசம்பர் 2 இல் வந்து சேர்ந்தன. கூட வர வேண்டிய விமானந்தாங்கிக் கப்பல் ஜமைக்கா பக்கம் தரைதட்டிப் பழுதாகி நின்றுவிட்டது. டிசம்பர் 8 விடியுமுன் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் சிங்கோராவிலும் இறங்கின. அன்று மாலை 5 மணி வாக்கில் அட்மிரல் டாம் பிலிப்ஸ் இந்தக் கரையிலிருந்து கிளம்பினார். கூட நான்கு நாசகாரிக் கப்பல்கள்.

அவர் குறி வைத்தது எதிரியின் போர்க்கப்பல்களை அல்ல. படையையும் அரிசியையும் குண்டுகளையும் கரையில் இறக்கிக்கொண்டிருந்த சரக்குக் கப்பல்களை. அவற்றை அடித்துவிட்டால் கரையில் இறங்கிய படை பட்டினி கிடக்கும் என்பது கணக்கு. கணக்கில் தப்பில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் தலைக்கு மேல் ஒரு விமானம்கூடத் துணை இல்லை. வழியில் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்து 9 ஆம் தேதி இரவு திரும்பினார். குவாந்தானில் எதிரி இறங்குவதாக வந்த தவறான செய்தியை நம்பி அந்தப் பக்கம் ஒதுங்கினார். 10 ஆம் தேதி மதியம் சைகோன் பக்கத்து விமானதளங்களிலிருந்து வந்த ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் இரண்டு கப்பல்களையும் முழுகடித்தன. 840 பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் பேரை நாசகாரிகள் தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றின.

படகுத்துறை நுனியில் நின்று கிழக்கே பார்த்தேன். அந்தப் பக்கமாகத்தான் போயிருப்பார்கள். நண்டு பிடிப்பவர் என்னைப் பார்த்து, என்ன தேடுகிறாய் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

மாலையில் அக்கா புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்கு அழைத்துப் போனாள். இப்போது ஈசூன் தொழிற்பேட்டைப் பக்கம் இருந்தாலும், தொடங்கிய இடம் கடற்படைத் தளத்தை ஒட்டிய கான்பரா சாலைப் பக்கம். இங்கே பெரியவர்கள் அந்த வட்டாரத்தை 'நேவல் பேஸ்' என்று ஊர்ப்பெயராகவே சொல்கிறார்கள். தளத்தில் வேலை செய்தவர்களில் நம் ஆட்கள் ஏராளம். சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது அக்காவுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வந்தார். தொண்ணூறைத் தாண்டியவர், குரல் இன்னும் கணீரென்று இருக்கிறது. அவர் அப்பா உலர்துறையில் கப்பலின் அடிப்பாகம் சுரண்டும் வேலை பார்த்தாராம்.

"வெள்ளைக்காரன் போறப்ப எண்ணெய்த் தொட்டியெல்லாம் கொளுத்திட்டுப் போயிட்டான் தம்பி. வானமே தெரியல. மழை பெஞ்சா கறுப்பாப் பெய்யும். எங்கம்மா காயப் போட்ட வேட்டி கரி மாதிரி ஆயிருச்சு. அன்னைக்கு ஏழு வயசு எனக்கு, இன்னைக்கும் மூக்குல அந்த வாடை இருக்கு."

எதிரி கைக்குப் போகக் கூடாதென்று கொளுத்திய எண்ணெய் அது.

தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். எந்த ஊர், எந்தத் தோட்டம், என்ன வேலை என்று பொறுமையாகக் கேட்டார். கொஞ்ச நேரம் சுண்டல் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோட்டத்து ஆள்னா கப்பல் ஏறியிருக்க மாட்டாரு தம்பி. பினாங்கைக் காலி பண்ணப்ப வெள்ளைக்காரங்களை மட்டுந்தானே ஏத்துனான். பால் வெட்டுற ஆளுக்கு எவன் எடம் குடுத்தான்?"

அதற்கப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள்: மழை

விடியுமுன் சுமத்ரா பக்கத்திலிருந்து காற்றும் மழையும் சேர்ந்து வந்து ஜன்னலை அறைந்தன. மதியம் வரை வெளியே போகவில்லை. அம்மா போன் செய்தாள். அக்காவின் இளைய பையன் பக்கத்தில் குதித்துக்கொண்டிருப்பது அவளுக்குக் கேட்டிருக்கிறது. "அவன் சரியான எம்டன் ஆச்சே" என்றாள்.

அந்தப் பையனுக்கு எம்டன் என்றால் என்னவென்று தெரியவில்லை. உட்கார வைத்துச் சொன்னேன். ஒரே ஒரு ஜெர்மன் கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசி, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளை எரித்துவிட்டுப் போனது. அக்டோபர் 28 இல் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ஒரு ரஷ்யக் கப்பலை முழுகடித்தது. அதற்குள் வங்கக் கடலில் சரக்குக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியே வரத் தயங்கின, காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. நவம்பர் 9 இல் கொக்கோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை மடக்கியது. அதற்கு நிலக்கரி சுமந்து திரிந்த துணைக் கப்பலில் பிடிபட்ட ஜெர்மானியர்களை இதே சிங்கப்பூரில், டாங்கிலின் முகாமில்தான் அடைத்து வைத்திருந்தார்கள்.

ஒரு கப்பல், மூன்று மாதம், ஒரு கடல் முழுக்கப் பயம். நூறு வருடம் கழித்தும் நம் மொழியில் அது ஒரு சொல்லாக உட்கார்ந்திருக்கிறது. கடல்வழிச் சண்டையில் எத்தனை கப்பல் முழுகியது என்பதைவிட, பயந்து எத்தனை கப்பல் வராமல் நின்றது என்பதுதான் பெரிய சேதம். எம்டனின் தலைவன் கார்ல் ஃபொன் மியூலர் அதைப் புரிந்தவன்.

மாலை தேக்காவில் மீன் தலைக் கறி. வேறொன்றும் இல்லை.

நான்காம் நாள்: லாப்ரடார்

அத்தானுக்கு இன்று விடுமுறை. வட்டப் பாதை ரயிலில் லாப்ரடார் பார்க் நிலையத்தில் இறங்கிக் கடற்கரைக்கு நடந்தோம். காட்டுக்குள் பழைய பிரிட்டிஷ் பீரங்கி மேடைகள் இருக்கின்றன. எதிரே செந்தோசா. தெற்கே கொஞ்சத் தூரத்தில் புக்கோம் தீவு, அதன்மேல் வரிசை வரிசையாக எண்ணெய்த் தொட்டிகள்.

முதலில் பிரிட்டிஷ்காரர்களின் கடைசி நாட்கள். கப்பற்படை வராவிட்டாலும் கான்வாய்கள், அதாவது காவலோடு கூட்டமாக வரும் கப்பல்கள், வந்துகொண்டுதான் இருந்தன. 1942 பிப்ரவரி 5 இல் எம்ப்ரஸ் ஆஃப் ஏசியா என்ற கப்பல் படையாட்களோடு வந்தது. சிங்கப்பூரைத் தொட இன்னும் கொஞ்சத் தூரம்தான், சுல்தான் திட்டுக் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் விமானங்கள் அதைக் கொளுத்திவிட்டன. ஆட்களில் பெரும்பாலோர் தப்பிக் கரை சேர்ந்தார்கள். அவர்களுடைய ஆயுதங்கள் கடலுக்குள் போய்விட்டன. பத்து நாள் கழித்து, பிப்ரவரி 15 இல் சரணடைவு.

அப்புறம் ஜப்பான்காரன் காலம். இதைப் பற்றி அத்தானிடம் பேசுவது நல்ல அனுபவம், ஏனென்றால் அவருக்கு எண்ணெய் தெரியும். ஜப்பான் இந்தப் போருக்குள் இறங்கியதே எண்ணெய்க்காக. அதன் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1941 ஆகஸ்டில் அமெரிக்கா அதை நிறுத்தியது. ஆகவே சுமத்ராவின் பாலெம்பாங்கையும் போர்னியோவின் எண்ணெய்க் கிணறுகளையும் பிடித்தார்கள். "பிடிச்சா மட்டும் போதுமா? கொண்டு போகணுமே" என்றார் அத்தான். அதுதான் விஷயம். பாலெம்பாங்கில் எண்ணெய் எடுத்து, சிங்கப்பூரில் சேர்த்து, தென்சீனக் கடல் வழியாக ஜப்பான் வரைக்கும் டேங்கரில் போக வேண்டும். அந்த வழி நெடுகிலும் தண்ணீருக்கடியில் அமெரிக்க நீர்மூழ்கிகள்.

வணிகக் கப்பல்களைக் காப்பது வீரர்களுக்குரிய வேலையில்லை என்று ஜப்பானியக் கடற்படை நினைத்திருக்க வேண்டும். காவல் கப்பல்களுக்கென்று தனித் தலைமையகம் 1943 நவம்பரில்தான் அமைத்தார்கள். போர் தொடங்கி இரண்டு வருடம் கழித்து! 60 லட்சம் டன் அளவுள்ள வணிகக் கப்பல்களோடு போரில் இறங்கிய நாடு, இழந்த கப்பல்களில் பாதிக்கு மேல் நீர்மூழ்கிகளுக்குப் பறிகொடுத்தது. அந்த நீர்மூழ்கிகளில் வேலை செய்தவர்கள் அமெரிக்கக் கடற்படை ஆட்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

1945 பிப்ரவரியில் நடந்ததைச் சொன்னதும் அத்தான் நடையை நிறுத்திவிட்டார். டேங்கர்கள் தப்பிப் போவதே அரிதாகிவிட்டது. ஆகவே இசே, ஹியூகா என்ற இரண்டு போர்க்கப்பல்களில், விமானம் நிறுத்தும் இடத்திலெல்லாம் எண்ணெய் டிரம்களை அடுக்கி, ரப்பரும் வெள்ளீயமும் ஏற்றி, சிங்கப்பூரிலிருந்து அனுப்பினார்கள். பத்து நாளில் ஜப்பானின் குரே துறைமுகம் போய்ச் சேர்ந்தன.

"டிரம்லயா?" என்றார். "ஒரு போர்க்கப்பலு நிறைய டிரம் அடுக்கினாலும் ஒரு சாதாரண டேங்கர் கொள்ளுறதுல பாதி வருமா மாப்ள? வழியில அது குடிக்கிற எண்ணெய் வேற." கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு, "பாவம், கதி இல்லாமப் போயிருக்கான்" என்றார். அடுத்த மாதமே ஜப்பானுக்குப் போகும் கான்வாய்கள் நின்றுபோயின.

புக்கோம் பக்கம் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1943 செப்டம்பர் 26 இரவு, மூன்று மடக்குப் படகுகளில் ஆறு பேர் துடுப்புப் போட்டு இந்தத் துறைமுகத்துக்குள் வந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து கிளம்பிய 14 பேர் கொண்ட குழு. தலைவர் ஐவன் லயன். அவர்கள் வந்த தாய்ப்படகு ஒரு பழைய ஜப்பானிய மீன்பிடிப் படகு. அதற்கு வைத்த பெயர் 'கிரெய்ட்', நம் ஊர்க் கட்டுவிரியன்தான். உடம்பெல்லாம் பழுப்புச் சாயம் பூசி, சாரம் கட்டிக்கொண்டு உள்ளூர் மீனவர்போல வந்தார்கள். கப்பல்களின் அடிவயிற்றில் காந்தக் கண்ணிவெடிகளை ஒட்டிவிட்டுப் போனார்கள். விடியலில் ஆறேழு கப்பல்கள் வெடித்தன. ஒருவர்கூடப் பிடிபடவில்லை.

வீரம்தான், மறுக்கவில்லை. பதினான்கு நாள் கழித்து அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். உள்ளே இருப்பவர்கள்தான் செய்திருக்க வேண்டும் என்று நம்பிய கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ், அக்டோபர் 10 இல் பிடிக்கத் தொடங்கி 57 பேரை அடைத்துச் சித்திரவதை செய்தது. அவர்களில் ஒருவருக்கும் அந்தத் தாக்குதலோடு சம்பந்தமில்லை. 15 பேர் இறந்தார்கள். இந்த இரண்டு கதைகளையும் பிரித்துச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லியாக வேண்டும்.

திரும்பும் வழியில் ஒரு உணவங்காடியில் மரவள்ளிக்கிழங்குப் பலகாரம் வாங்கினோம். தேங்காய்ப்பூ தூவி, மஞ்சளாக, நன்றாகவே இருந்தது. கோயில் பெரியவருக்கும் ஒரு பொட்டலம் வாங்கலாமா என்று கேட்டேன். அத்தான் வேண்டாம் என்றார். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) வந்துகொண்டிருந்த அரிசி, கப்பல் இல்லாமல் நின்றுபோய், மூன்றரை வருடம் தீவே மரவள்ளியைத் தின்று கிடந்தது. வாழைமரம் அச்சடித்த ஜப்பானிய நோட்டைக் கட்டுக் கட்டாகக் கொண்டு போனாலும் அரிசி கிடைக்காதாம். பெரியவர் இன்றுவரை அந்தக் கிழங்கைத் தொடுவதில்லை.

ஐந்தாம் நாள்: கிராஞ்சி

இதை எழுதும்போது இரவு பதினொன்று. அக்கா வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து சாலையோரமாக நடந்தால் போர் நினைவிடம். புல் வெட்டி, கல் துடைத்து, அவ்வளவு சுத்தம். 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள் சரிவில் வரிசையாக ஏறுகின்றன. மேலே நினைவுச் சின்னம்: படை நடப்பதுபோல நிற்கும் தூண்கள், அவற்றின்மேல் விமானச் சிறகுபோல ஒரு கூரை, நடுவில் நீர்மூழ்கியின் கோபுரம்போல உயர்ந்த ஒரு பகுதி. தூண் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள், கல்லறை கிடைக்காதவர்களுடையவை. தரைப்படை, விமானப்படை ஆட்கள் மட்டும். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸோடு போன மாலுமிகளின் பெயர்கள் பிளிமத், போர்ட்ஸ்மத், சாத்தம் என்று அவர்கள் ஊர்த் துறைமுகங்களில் இருக்கின்றன.

இந்தியப் படையினரின் பெயர்கள் சுவர் சுவராக இருக்கின்றன. விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனேன். நம் ஊர்ப் பெயர்கள். சமையல்காரர், துப்புரவு செய்தவர் என்று வேலை எதுவானாலும் படையில் இருந்தவரென்றால் பெயர் இருக்கிறது. பின்னால் ஒரு தனிச் சின்னம், தங்கள் சமய வழக்கப்படி தீயில் எரியூட்டப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்கு. பெரும்பாலும் இந்தியப் படையினர்.

தாத்தாவின் பெயர் இங்கே இருக்காது என்று தெரியும். அவர் படையில் சேரவில்லை. இருந்தாலும் அவர் பெயருள்ள ஒரு வரியில் விரல் நின்றுவிட்டது. வேறு அப்பா பெயர், வேறு மனிதர்.

அங்கே ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்துதான் எனக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது.

1942 இல் பர்மாவைப் பிடித்த ஜப்பானியப் படைக்கு அரிசியும் குண்டும் போக வேண்டும். வழி எது? சிங்கப்பூரைச் சுற்றி, மலாக்கா நீரிணை ஏறி, அந்தமான் கடல் தாண்டி ரங்கூன். ராஜேந்திரன் வந்த வழி, ரஜூலா வந்த வழி. அந்த வழியில் நேச நாடுகளின் நீர்மூழ்கிகள். சுமக்கக் கப்பலும் போதவில்லை, பசிபிக் போர் எல்லாக் கப்பலையும் விழுங்கிக்கொண்டிருந்தது. கடல்வழி முடியாதென்றால் தரைவழி. தாய்லாந்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரைக்கும் காட்டையும் மலையையும் குடைந்து 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட முடிவு செய்தார்கள். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17 இல் இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டார்கள்.

அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க் கைதிகள் அதில் வேலை செய்தார்கள், 12,000க்கு மேல் செத்தார்கள். உலகம் அவர்களை நினைவில் வைத்திருக்கிறது. அவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல், இரண்டு லட்சம் அளவில், ஆசியத் தொழிலாளர்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், அப்புறம் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள். ரப்பர் வாங்கக் கப்பல் வராததால் தோட்டங்களில் வேலை நின்றுபோயிருந்தது. கூலி இல்லை, அரிசி இல்லை. மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று முதலில் ஆசை காட்டினார்கள். அப்புறம் இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி வந்தும், லாரியில் வந்து வளைத்தும் ஏற்றினார்கள். கைதிகளுக்காவது தங்கள் அதிகாரிகளும் மருத்துவர்களும் கூட இருந்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கு யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூட்டம் கூட்டமாகப் போனார்கள். செத்த ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை என்பதில் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படுவது.

எனக்கு எதிரே இருந்த சுவர்களில் 24,000 பெயர். இதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு சுவர் வேண்டும். பெரும்பாலோர் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை, ஏனென்றால் எழுதி வைத்தவர்கள் இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில், ஒரு புத்தக் கோயில் வளாகத்தில் 2023 இல் இவர்களுக்காக நடுகல் நட்டிருக்கிறார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல்.

நாசகாரி, நீர்மூழ்கி, கான்வாய் என்று படிக்கும்போது நமக்குச் சம்பந்தமில்லாத யாரோ இரண்டு பேர் சண்டைபோலத் தெரியும். நானும் அப்படித்தான் படித்து வந்தேன். கடலில் ஒரு வழி அடைபட்டதால், கடலையே அதற்கப்புறம் பார்க்காத ஒரு பால்மரத் தொழிலாளி மலைக்காட்டில் கல் உடைத்துச் செத்திருக்கிறான். இந்தக் கணக்கு எந்தக் கடற்போர் வரலாற்றிலும் கப்பல் டன் கணக்குக்குப் பக்கத்திலேயே வர வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் கோயிலில் இறங்கினேன். பெரியவர் இருந்தார். நேரடியாகக் கேட்டேன், அன்று ஏன் பேச்சை மாற்றினீர்கள் ஐயா என்று.

"ஊர்ல கடல்னு நெனச்சு மனசைத் தேத்தி வச்சிருப்பாங்க. நான் எதுக்குத் தம்பி கலைக்கணும்?" என்றார். அப்புறம், தன் அம்மாவின் தம்பி ஜொகூர்த் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர் என்றும், அவரோடு லாரியில் ஏறியவர்களில் இரண்டு பேர்தான் திரும்பினார்கள் என்றும் சொன்னார். அந்த இரண்டில் அவர் மாமா இல்லை. என் தாத்தாவின் தோட்டத்தின் பெயரைக் கேட்டு, அந்தப் பக்கமும் லாரி போனது என்றார். நிச்சயமாகத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

ஆறாம் நாள்: கிளம்புமுன்

காலையில் அத்தான் பார்ஜுக்குப் போய்விட்டார். இரவு வேலையில் ஒரு எண்ணெய்க் கப்பல் வருகிறதாம். நான் சாங்கிக்கு ரயிலில் வந்துவிட்டேன். விமானத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அப்பாவுக்குப் போன் செய்தேன். ஆடி அமாவாசைக்கு இன்னும் மூன்று வாரம் இல்லை. அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

பெரியவர் சொன்னதையும், கிராஞ்சியில் பார்த்ததையும், ரயில்பாதையையும் சொன்னேன். அப்பா நடுவில் ஒன்றும் பேசவில்லை.

"அப்ப தண்ணில இல்லையா?" என்றார்.

"இல்லன்னுதான் நினைக்கிறேம்ப்பா. மண்ணுலதான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வாசலில் யாரோ மீன்காரம்மா கூவுவது கேட்டது.

"காலரான்னா ஒரு நாள், ரெண்டு நாள்தான். ரொம்பக் கஷ்டப்பட்டிருக்க மாட்டாருல்ல?"

மாட்டார் என்றேன்.

"அந்த ஊர் பேரு என்ன சொன்ன?"

"காஞ்சனபுரிப்பா."

"எழுதி வச்சுக்கிறேன். இரு, பேனா எடுக்குறேன்" என்றார்.